வில்லோ ஐலண்ட், 1978: ஒரு நாள் வயதான கான்கிரீட்டின் மேல் ஏற்றிய பாரம்

1978 ஏப்ரல் 27, காலை 10 மணியைத் தாண்டிச் சற்று நேரம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில், பிளஸன்ட்ஸ் அனல் மின்நிலையத்தின் இரண்டாவது குளிர்விப்புக் கோபுரம் 166 அடி உயரத்துக்கு வந்திருந்தது. கட்டி முடிக்கும்போது 430 அடி இருக்க வேண்டிய கோபுரம் அது. ஒரு வாளி கான்கிரீட் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது அதைத் தூக்கிய கம்பிவடம் தொய்ந்தது. பளுதூக்கி கோபுரத்தின் உட்பக்கம் சாய்ந்தது. முந்தின நாள் வார்த்த கான்கிரீட் வளையம் உடைந்தது. முதலில் ஒரு பக்கமாகவும், பிறகு இரண்டு பக்கமாகவும் கோபுரத்தின் உச்சி சுற்றிலும் உரிந்துகொண்டே போனது. சாரத்தில் நின்றிருந்த 51 பேரும் கான்கிரீட்டோடும் பலகைகளோடும் கோபுரத்துக்குள்ளே விழுந்து இறந்தார்கள். அவர்களில் பலர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்.

கான்கிரீட்டுக்குச் சீக்கிரம் வலிமை வரவைக்கும் ரசாயனங்களைப் பற்றி, அதாவது ஆக்சிலரேட்டர்களைப் பற்றி எழுத, இந்த விபத்தை எடுத்துக்கொள்கிறேன். 'ஆக்சிலரேட்டர் போட்டாச்சு, நாளைக்கே பலகையைப் பிரிக்கலாம்' என்ற பேச்சு எங்கே கேட்டாலும் அதற்குப் பின்னால் இருக்கும் கேள்வி இதுதான்: இந்தக் கான்கிரீட் இந்த மணி நேரத்தில் எவ்வளவு தாங்கும்? வில்லோ ஐலண்டில் அந்தக் கேள்விக்கான பதிலை நாள்காட்டியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

சாரம் எதன் மேல் நின்றது

சாதாரணமாகச் சாரம் தரையிலிருந்து எழும்பும். கோபுரம் தாங்கினாலும் தாங்காவிட்டாலும் சாரத்துக்குத் தன் கால் இருக்கும். இங்கே அப்படி இல்லை. கோபுரத்தின் மெல்லிய கான்கிரீட் ஓட்டிலேயே போல்ட் போட்டு, அதில் உத்தரங்களை மாட்டி, அவற்றின் மேல் சாரம், பலகை, பளுதூக்கி எல்லாவற்றையும் ஏற்றியிருந்தார்கள். ஒரு வளையம் 5 அடி உயரம். ஒரு வளையம் வார்ப்பது, மறுநாள் அடியில் இருக்கும் பலகைகளைக் கழற்றி மேலே மாட்டுவது, அடுத்த வளையம் வார்ப்பது என்று நாளுக்கு ஒன்றாக வேலை ஏறிக்கொண்டே போகும். நல்ல முறைதான், உயரக் கட்டடங்களில் இதன் உறவுக்கார முறைகளை இன்றும் பயன்படுத்துகிறோம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நேற்று வார்த்தது இன்றைய பாரத்தைச் சுமக்க வேண்டும்.

பாரம் என்றால் நேர்கீழாக அழுத்தும் எடை மட்டும் கிடையாது. கான்கிரீட் வாளி கோபுரத்தின் உள்ளே தரையிலிருந்து வடத்தில் ஏறுகிறது. அந்த வடத்தின் இழுவிசை ஓட்டின் விளிம்பை உள்நோக்கி வளைக்கிறது. வளைவு விசையைத் தாங்க இளம் கான்கிரீட்டிடம் ஒன்றுமே இருக்காது. கம்பி உள்ளே இருந்தாலும், கம்பியைப் பற்றிப் பிடிக்கும் ஒட்டுவிசையும் கான்கிரீட்டோடு சேர்ந்துதான் வளர வேண்டும். போல்ட் பிடித்திருக்கும் இடத்திலும் இதே கதைதான்.

அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அலுவலகம் (இன்று அதற்கு வேறு பெயர்) இந்த விபத்தை ஆராய்ந்தது. ஏப்ரல் 26 அன்று வார்த்தது 28-ஆம் வளையம். மறுநாள் காலையில் 29-ஆம் வளையத்துக்கான வேலை. கட்டுமானப் பாரத்தைச் சுமக்கும் அளவுக்கு 28-ஆம் வளையம் வலிமை பெறுவதற்கு முன்பே அதன் மேல் பாரம் ஏறியதுதான் சரிவுக்கு மிகவும் சாத்தியமான காரணம் என்பது அவர்கள் முடிவு. தொழிலாளர் பாதுகாப்புத் துறை தனியாக நடத்திய விசாரணையில் வேறு பல குறைகளும் வெளிவந்தன: போல்ட்கள் சில இல்லை, இருந்தவை தரம் குறைந்தவை, சாரத்திலிருந்து இறங்க ஒரே ஓர் ஏணி, கான்கிரீட் தூக்கும் ஏற்பாட்டைப் பொறியியல் சரிபார்ப்பு இல்லாமல் மாற்றியிருந்தார்கள், வேலையில் அவசரம். இவை ஒவ்வொன்றும் தனியாகப் பேச வேண்டியவை. இங்கே நான் வலிமையோடு நின்றுகொள்கிறேன்.

24 மணி நேரம் என்பது எத்தனை மணி நேரம்?

ஆய்வறிக்கை தரும் ஒரு தகவல் மிகச் சாதாரணமாகத் தோன்றும். அந்த ஒரு நாளில் சுற்றுப்புற வெப்பநிலையின் சராசரி 10 டிகிரி செல்சியசுக்கும் குறைவு. உறைபனி கிடையாது, மேல் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்யக்கூடிய குளிர்தான். அதனால்தான் ஆபத்து. உறைபனி என்றால் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். 8, 9 டிகிரியில் யாருக்கும் பயம் வராது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கான்கிரீட்டின் 'முதிர்ச்சி' என்பது வெப்பநிலையையும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்கும் அளவு. 1949-இல் நர்ஸ், 1951-இல் சால் என்ற இரண்டு ஆய்வாளர்களின் வேலையிலிருந்து வந்த பழைய சூத்திரம், வெப்பநிலையோடு 10-ஐக் கூட்டி மணி நேரத்தால் பெருக்கச் சொல்கிறது. 10 டிகிரியில் 24 மணி நேரம் என்றால் 20-ஐ 24-ஆல் பெருக்க 480. 20 டிகிரியில் மணிக்கு 30 சேரும். ஆக, அந்த 24 மணி நேரம் 20 டிகிரியில் 16 மணி நேரத்துக்குச் சமம். வேதிவினைகளின் வேகத்தை அரீனியஸ் சமன்பாட்டின் வழி பார்க்கும் புதிய முறை இன்னும் கறாரானது. கிளர்வு ஆற்றலை, அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையை, வழக்கம்போல மோலுக்கு 40 கிலோஜூல் என்று வைத்தால், விடை சுமார் 13½ மணி நேரம்.

சரி, 24-க்குப் பதில் 13½, பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் கான்கிரீட் முதல் நிமிடத்திலிருந்து வலிமை சேர்ப்பதில்லை. 20 டிகிரியில் அது இறுகி முடிக்க 7 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வலிமைக் கணக்கு அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. 20 டிகிரியில் இருந்த கான்கிரீட்டுக்கு வளர 17 மணி நேரம் கிடைத்தது. குளிரில் இருந்ததற்குக் கிடைத்தது 6½ மணி நேரம். இரண்டுக்கும் வயது 'ஒரு நாள்' என்றுதான் பதிவேட்டில் எழுதுவோம். வெப்பம் இன்னும் கொஞ்சம் குறைந்தால் இந்த 6½ கரைந்துகொண்டே போகும். நான் 10 டிகிரி என்று தாராளமாக வைத்தே இந்தக் கணக்கு.

சிமென்ட் தன் சூட்டையே தானே உண்டாக்குமே என்று கேட்கலாம். பெரிய அடித்தளத்தில் அந்தச் சூடு உள்ளேயே தங்கும், சில நேரம் தொல்லையே தரும். மெல்லிய ஓட்டில், காற்று வீசும் உயரத்தில், அது தங்குவதற்கு இடமே இல்லை.

ரசாயனம் எங்கே கைவைக்கிறது

சிமென்டில் தண்ணீர் பட்டதும் ஒரு குறுகிய கொந்தளிப்பு நடக்கும். அப்புறம் இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் போல ஒரு மந்தமான காலம். கலவையை வண்டியில் கொண்டுபோய், கொட்டி, பரப்பி, அதிர்வு கொடுக்க நமக்கு நேரம் கிடைப்பது இந்த மந்தத்தால்தான். அது முடிந்ததும் சிமென்டின் முக்கியத் தாதுவான ட்ரைகால்சியம் சிலிகேட் வேகமாக வினைபுரிந்து, கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பசைப்பொருளை உண்டாக்கத் தொடங்கும். முதல் நாட்களின் வலிமை பெரும்பாலும் இதிலிருந்து வருகிறது. ஆக்சிலரேட்டர் செய்வது இரண்டில் ஒன்று: மந்தக் காலத்தைச் சுருக்குவது, அல்லது அதற்குப் பிந்தைய ஏற்றத்தைச் செங்குத்தாக்குவது. நல்லவை இரண்டையும் ஓரளவு செய்யும்.

இந்த வேறுபாட்டை வாங்குகிறவர்கள் பலர் கவனிப்பதில்லை. கால்சியம் நைட்ரேட் இறுகலை நன்றாக முன்னே இழுக்கும், வலிமை அதே விகிதத்தில் ஏறும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கால்சியம் ஃபார்மேட், சோடியம் தயோசயனேட் போன்றவை வலிமைப் பக்கம் உதவும். கால்சியம் நைட்ரைட்டுக்குக் கம்பி துருப்பிடிப்பதைத் தடுக்கும் கூடுதல் குணமும் உண்டு. ட்ரைஎத்தனோலமைன் ஒரு விசித்திரம்: சிமென்ட் எடையில் 0.02 சதவீதம் போட்டால் வேகப்படுத்தும், 0.25 சதவீதத்தில் தாமதப்படுத்தும், 1 சதவீதம் போட்டால் மறுபடியும் கடுமையாக வேகப்படுத்தும். அளவுக் குவளையைக் கண் அளவில் ஊற்றுகிற இடத்தில் இந்தப் பொருளை நான் விடமாட்டேன்.

கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் வந்தது விதை முறை. ஏற்கெனவே தயாரித்த மிக நுண்ணிய கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் துகள்களைக் கலவையில் சேர்த்துவிடுகிறார்கள். புதிய பசைப்பொருள் சிமென்ட் மணிகளின் மேல் மட்டும் வளராமல், இடையில் இருக்கும் நீரில் மிதக்கும் இந்த விதைகளின் மேலும் வளர்கிறது. மணியின் மேல் தோல்போல் படிந்து வினையை மந்தப்படுத்தும் தொல்லை குறைகிறது. குளோரைடு கிடையாது. இப்போதைக்குக் கிடைப்பவற்றில் வேதியியல் ரீதியாக எனக்குப் பிடித்தது இதுதான், விலை இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மூத்தது கால்சியம் குளோரைடு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. மலிவானது. சிமென்ட் எடையில் 2 சதவீதம் வரை போட்டால் வேலை செய்யுமா என்ற சந்தேகமே தேவையில்லை, குளிரில் ஒரு நாள் வலிமை இரட்டிப்பாவதும் உண்டு. அதன் கோளாறு எல்லோரும் அறிந்தது. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு பாதுகாப்புப் படலத்தை வைத்திருக்கிறது. குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாக ஓட்டை போடும். சில பத்தாண்டுகள் கழித்து உள்ளே துரு ஊதி, மேலே கான்கிரீட் பெயரும். பிரிட்டன் 1977-இல் தன் கட்டுமான விதிகளைத் திருத்தி, கம்பி போட்ட கான்கிரீட்டில் இதற்கு ஏறக்குறையக் கதவைச் சாத்தியது. அமெரிக்க விதிமுறை, முன்தகைவு கான்கிரீட்டில், அதாவது உள்ளே இருக்கும் கம்பியை இழுத்து இறுக்கிவைத்த கான்கிரீட்டில், நீரில் கரையும் குளோரைடு சிமென்ட் எடையில் 0.06 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 2 சதவீத வழக்கமான அளவை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

போட்டிருந்தால்?

இப்போது முக்கியமான கேள்வி. 28-ஆம் வளையத்தில் ஒரு நல்ல ஆக்சிலரேட்டர் இருந்திருந்தால், ஏப்ரல் 27 காலை வேறு மாதிரி ஆகியிருக்குமா?

முதலில், வாங்கும் பொருள் என்ன வாக்குறுதி தருகிறது என்று பார்க்கலாம். ஆக்சிலரேட்டருக்கான அமெரிக்கத் தர விதி ஏ.எஸ்.டி.எம். சி 494, அதில் 'சி' வகை. அந்த வகை என்று முத்திரை வாங்க ஒரு பொருள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கலவையின் தொடக்க இறுகல் குறைந்தது 1 மணி நேரம் முன்னதாக வர வேண்டும், 3½ மணி நேரத்துக்கு மேல் முந்தவும் கூடாது. 3-ஆம் நாளில் வலிமை சாதாரணக் கலவையைவிட 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். 28-ஆம் நாளில் குறையக் கூடாது. சோதனையோ மிதமான ஆய்வகச் சூட்டில் நடக்கிறது. முதல் நாள் வலிமையைப் பற்றி அந்த வகைக்கு ஒரு வரிகூட இல்லை. 8 டிகிரியில் 20-ஆம் மணி நேரத்தில் என்ன ஆகும் என்பதையும் அது சொல்லவில்லை. தரச் சான்றிதழைப் பார்த்துவிட்டு மறுநாள் பலகை பிரிக்கும் நேரத்தை முடிவு செய்கிறவர், அந்தத் தாளில் எழுதப்படாத ஒன்றைப் படிக்கிறார்.

நம் கணக்குக்குள் இதை வைத்துப் பார்க்கலாம். இறுகல் 7 மணி நேரத்திலிருந்து 6 மணி நேரமாக முந்தியது என்றால், வளர்ச்சி நேரம் 6½-இலிருந்து 7½ ஆகிறது. அதோடு வளர்ச்சி வேகம் 25 சதவீதம் கூடியது என்று வைத்தாலும் சுமார் 9½ மணி நேர வளர்ச்சிக்குச் சமம். 20 டிகிரியில் இருந்த சாதாரணக் கான்கிரீட்டுக்கு இருந்தது 17. கால்சியம் குளோரைடு முழு அளவில் போட்டு இரட்டிப்பாக்கினால்கூட 13-தான். கணக்கை மிகவும் எளிமைப்படுத்தியிருக்கிறேன், உண்மையில் வளைவு இப்படி நேர்கோடாக இருக்காது. ஆனால் திசை மாறாது: குளிர் பறித்துக்கொண்ட நேரத்தில் ஒரு பங்கை ரசாயனம் திருப்பித் தரும், முழுவதையும் தராது.

குளோரைடு வழியை எடுத்திருந்தால் இன்னொரு சிக்கல். குளிர்விப்புக் கோபுரத்தின் உட்புறம் அதன் ஆயுள் முழுக்க ஈரமான, வெதுவெதுப்பான காற்றில் இருக்கும். கம்பி போட்ட மெல்லிய ஓடு, ஓயாத ஈரம், உள்ளே குளோரைடு. துருவுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. நாளுக்கு ஒரு வளையம் என்ற அட்டவணையைக் காப்பாற்ற, கோபுரத்தின் பின்வரும் பத்தாண்டுகளை அடகு வைப்பது அது.

இன்னொரு வகை ஆபத்தும் இருக்கிறது, இது எந்த ஆக்சிலரேட்டருக்கும் பொருந்தும். அளவைக் கூட்டிக்கொண்டே போனால் கான்கிரீட் வாளியிலேயே கெட்டியாகும். சரியாக அதிர்வு கொடுக்க முடியாது, வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே குளிர்மூட்டு, அதாவது சரியாக ஒட்டாத பலவீனமான இணைப்பு, விழும். உடனே யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் கூடினால், வாங்கிய வலிமை அங்கேயே போய்விடும்.

என்னைக் கேட்டால், குளிரில் சீக்கிரம் வலிமை வேண்டுமென்றால் முதலில் கைவைக்க வேண்டியது வெப்பத்தில். கலக்கும் தண்ணீரைச் சூடாக்குவது மிக எளிது. ஒரே எடைக்குத் தண்ணீர் தாங்கும் வெப்பம் ஜல்லி, சிமென்டைப்போல ஐந்து மடங்கு அளவில் இருக்கும். பலகையின் வெளிப்புறம் காப்புப் போர்வை கட்டினால் சிமென்டின் சொந்தச் சூடு ஓடிப்போகாது. அடுத்தது நுண்ணியதாக அரைத்த விரைவுச் சிமென்ட், குறைந்த தண்ணீர். இவற்றுக்கு அப்புறம்தான் ஆக்சிலரேட்டர். அது உறைபனித் தடுப்பான் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வழக்கமான அளவில் போடும்போது கலவை நீரின் உறைநிலை பெரிதாக இறங்காது. சுமார் 3.5 மெகாபாஸ்கல் (வலிமையை அளக்கும் அலகு) வலிமை வரும் வரை இளம் கான்கிரீட்டை உறையவிடாமல் காப்பது ரசாயனத்தின் வேலை அல்ல, போர்வையின் வேலை.

இதையெல்லாம் செய்தாலும் 28-ஆம் வளையத்தின் மேல் ஆட்கள் ஏறுவதற்கு முன் ஒருவர் வலிமையை அளந்து பார்த்திருக்க வேண்டும். அளந்திருந்தால் ஆக்சிலரேட்டர் இல்லாமலேயே 51 பேர் பிழைத்திருப்பார்கள். அன்று காலை வேலை நின்றிருக்கும், அவ்வளவுதான்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தடவை

வருத்தமான விஷயம், இது முதல் தடவை அல்ல. 1973 மார்ச் 2 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஸ்கைலைன் பிளாசா அடுக்குமாடிக் கட்டடம் மேலிருந்து கீழ்வரை சரிந்து 14 பேர் இறந்தார்கள். மேல்தளங்களில் முட்டுக்கால்களைச் சீக்கிரம் எடுத்ததில் தொடங்கிய சரிவு அது. அந்தத் தளத்தின் கான்கிரீட்டுக்கு வயது 4 நாள், சராசரி வெப்பநிலை 7 டிகிரி. அதையும் இதே தேசியத் தர அலுவலகம்தான் ஆராய்ந்தது. கட்டடத்திலேயே இருக்கும் கான்கிரீட்டின் வலிமையை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வியை அவர்கள் முதிர்ச்சி முறையை வைத்து ஆராயத் தொடங்கியது அதற்குப் பிறகு. வில்லோ ஐலண்ட் அந்த வேலைக்கு அவசரம் கொடுத்தது. 1987-இல் முதிர்ச்சி முறைக்கான தர விதி, ஏ.எஸ்.டி.எம். சி 1074, வெளிவந்தது.

இன்று கம்பியோடு கட்டிவைக்கும் சிறிய வெப்ப உணரி, கைப்பேசியிலேயே 'இப்போது இத்தனை மெகாபாஸ்கல்' என்று காட்டிவிடுகிறது. ஆக்சிலரேட்டர் போடும் இடத்தில் இதை நம்புவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உணரி வலிமையை அளப்பதில்லை, வெப்பத்தைத்தான் அளக்கிறது. அந்த வெப்பத்தை வலிமையாக மாற்றுவது, ஆய்வகத்தில் அதே கலவைக்கு முன்கூட்டியே போட்டு வைத்த ஒரு வளைவு. ஆக்சிலரேட்டர் அந்த வளைவையே மாற்றிவிடும். சாதாரணக் கலவையின் வளைவை வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டர் கலந்த கான்கிரீட்டைப் படித்தால் குறைவாகக் காட்டும், அதில் ஆபத்தில்லை. ஆக்சிலரேட்டர் சேர்த்த வளைவு கையில் இருக்க, அன்றைக்கு மட்டும் குழாய் அடைத்து மருந்து இறங்காமல் போனால்? உணரிக்கு அது தெரியாது. வெப்பம் கொஞ்சம் குறைவாக ஏறுவதை மட்டும் பார்த்துவிட்டு, இல்லாத வலிமையைத் திரையில் காட்டும்.

சுரங்கப்பாதைகளில் பாறையின் மேல் குழாயால் பீய்ச்சும் தெளிப்புக் கான்கிரீட் வேலையில் இந்த மெத்தனத்தைப் பார்க்க முடியாது. அங்கே அலுமினியம் சல்ஃபேட் சார்ந்த ஆக்சிலரேட்டர் குழாயின் முனையிலேயே கலந்து, கான்கிரீட் சில நிமிடங்களில் பாறையைப் பிடித்துக்கொள்ளும். ரசாயனத்தை இவ்வளவு நம்பியிருக்கும் வேலை வேறெதுவும் கிடையாது. ஆனால் புதிதாகத் தெளித்த கூரையின் கீழே ஆட்களை அனுப்புவதற்கு முன் ஊசி ஊடுருவல் கருவியால் குத்தி அழுத்தத்தைப் பார்க்கிறார்கள், வலிமை ஏறியதும் ஆணி அடித்துப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். அதற்கான வரைமுறைகள் நிமிடக் கணக்கிலும் மணிக் கணக்கிலும் எழுதப்பட்டிருக்கின்றன.

சி 1074 விதியும் இதே எச்சரிக்கையோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. பலகை பிரிப்பது, கம்பியை இழுத்து இறுக்குவது போன்ற ஆபத்தான வேலைகளுக்கு முன், முதிர்ச்சி எண்ணோடு வேறொரு சோதனையும் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறது: கான்கிரீட்டில் முன்பே பதித்த துண்டைப் பிடுங்கிப் பார்க்கும் சோதனையோ, கட்டடத்துக்கு வந்த அதே கலவையில் வார்த்த சிலிண்டர்களோ. அந்தச் சிலிண்டர்கள் கட்டடத்தின் பக்கத்திலேயே, அதே குளிரில் கிடந்திருக்க வேண்டும். வேலைத்தள அலுவலக அறையின் கதகதப்பில் வைத்த சிலிண்டரின் எண், அறைக்குள் இருக்கும் சிலிண்டரைப் பற்றி மட்டுமே பேசும்.